புது நேரம், பழைய நேரம்

எங்கள் வீட்டில் இருந்த ஒரேயொரு மணிக்கூடு வாப்பாவின் கையில் இருந்தது. சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம். அவர் வட்டைக்குப் போனால் நேரமும் அவரோடு போய்விடும். உம்மாவுக்கு அது ஒரு குறையாகத் தெரிந்ததில்லை. சுபஹ் பாங்கோடு எழும்புவா. வெயில் கிணற்றுக்கட்டைத் தொட்டதும் என்னைப் பாடசாலைக்கு அனுப்புவா. ஒரு நாளும் நான் பிந்தியதில்லை.

1996 மே 25ஆம் திகதி அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. மின்சாரத் தட்டுப்பாட்டுக் காலம் அது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்தது. வாப்பாவின் வயல் அந்த எல்லைக்கு அருகில் இருந்ததால் அவர் தன் கடிகாரத்தை மாற்றவேயில்லை. பள்ளிவாசலில் மணிக்கூட்டை மாற்றினார்கள். பாங்கை மாற்ற முடியுமா? தொழுகை சூரியனோடு போவது. நாலரை மணியளவில் கேட்ட சுபஹ் பாங்கு ஐந்தரைக்குக் கேட்டது. வெயிலும் தன் வழக்கப்படியே கிணற்றுக்கட்டுக்கு வந்தது. பாடசாலை மணி மட்டும் ஏழரைக்கே அடித்தது. உம்மாவின் கணக்கில் அது ஆறரை.

முதல் நாள் ஏச்சு, இரண்டாம் நாள் முழங்கால், மூன்றாம் நாள் பிரம்பு. நான் வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் உம்மாவின் கணக்குப் பிழை என்றாகிவிடும். சோறு போடும்போது உள்ளங்கைத் தடிப்பை அவவே கண்டுவிட்டா.

அடுத்த நாள் காலையில் உம்மா கடப்படியில் நின்றா. முந்தானையால் தலையை நன்றாக மூடிக்கொண்டு, தெருவால் போன ஒருவரிடம், “தம்பி, நேரம் என்ன?” என்று கேட்டா. அந்நிய ஆணோடு வாய் திறந்திராத உம்மா.

“புது நேரமா, பழைய நேரமா?”

உம்மா தடுமாறிப்போனா. “புள்ளைக்குப் பள்ளிக்கூடம் போற நேரம்” என்றா.

அந்த ஒக்டோபரில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் 15இல்தான் திரும்பி வந்தது. அப்போது நான் ஆசிரியர் கலாசாலையில் இருந்தேன். விடுமுறையில் வந்து உம்மாவிடம் செய்தியைச் சொன்னேன். “வெயில் எங்கயும் போகல்லியே மகன்” என்றா.

இன்று நேரம் கைத்தொலைபேசியில் தானாகவே சரியாகிறது. பாங்கு நேரமும் அதே திரையில். தெருவில் யாரும் யாரிடமும் நேரம் கேட்பதில்லை. தொலைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வரும் என் மாணவர்கள்தான் இன்னும், “சேர், டைம் என்ன?” என்று கேட்கிறார்கள்.

ஆசிரியரான முதல் வருடம், பிந்தி வந்த ஒருவனை நானும் அடித்திருக்கிறேன். ஏன் பிந்தினாய் என்று கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டுத்தான் இடாப்பைத் திறக்கிறேன். அன்று அவனுக்காகக் கடப்படியில் யார் நின்றார்களோ, எனக்குத் தெரியாது.