சொர்ணவாரிச் சாலை

சிங்கப்பெருமாள்கோயில் ரயில்வே கேட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 25 கிலோமீட்டர். எங்கள் வீட்டில் அதை ஏரிக்கு ஏரிதான் அளப்பார்கள். எதிரே வருகிறவரிடம் அப்பா கேட்கும் முதல் கேள்வி, “உங்க ஏரி கலங்கல் போகுதா?”

கேட்டைத் தாண்டினால் ஆப்பூர் மலை. சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டாம், ஔஷதகிரி. மாட்டுவண்டியில் தூங்கி விழித்தால் மலை எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்து, வீடு எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடுவேன்.

ஒரகடம் அப்போது வெறும் கூட்டுரோடு. இன்று மேம்பாலம். 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டெய்ம்லர் லாரிகள்.

வல்லத்துக்கு உள்ளே எங்கள் நிலம், இரண்டு காணி. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டம். சம்பா மழையை நம்பி, நவரை நிறைந்த ஏரியை நம்பி. சித்திரையில் விதைக்கும் சொர்ணவாரி மட்டும் சூதாட்டம். ஏரியில் மிச்சம் கிடக்கும் தண்ணீரை ஊரே பங்கு போடும். நீர்க்கட்டி முறை சொல்வார். அவருக்குக் கூலி களத்து நெல்.

எங்கள் முறை ஒருநாள் நடுராத்திரி வந்தது. “டேய், மடையைப் பார்த்துக்கோ, தூங்கிடாதே” என்று லாந்தரைக் கொடுத்துவிட்டு அப்பா மேல்மடைக்குப் போனார். தூங்கிவிட்டேன். வரப்பு உடைத்துக்கொண்டு தண்ணீர் முழுக்கப் பங்காளி கழனிக்குப் போயிருந்தது. அப்பா அடிக்கவில்லை. பங்காளிதான், தான் திருடியதாக ஊர் நினைக்கும் என்று ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை.

இப்போது அதே இருட்டில் ஷிப்டு பஸ்கள் போகின்றன. அவற்றில் போய்த்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சம்பளம் வாங்குகிறார்கள். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஆனால் கழனி போன பிறகும் ஏரி இருக்கிறது. ஐப்பசியில் நிரம்புகிறது. போன மழையில் கரையில் நின்றபோது மதகின் திருகில் துரு ஏறியிருந்தது. “திறக்கறதில்லையா?” என்றேன். “யாருக்கு?” என்றான் பெரியப்பா மகன்.

சாலை முடியும் ஸ்ரீபெரும்புதூர், 1017இல் ராமானுஜர் பிறந்த ஊர். பக்கத்து இருங்காட்டுக்கோட்டைக்கு 1996இல் ஹூண்டாய் வந்த பிறகுதான் எங்கள் பக்கம் காணி விலை கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

நிலம் கைமாறிய வருஷம் முதல்முறையாக அரிசி வாங்க அப்பாவை ஸ்ரீபெரும்புதூர்க் கடைக்கு அழைத்துப்போனேன். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றார்.

“இது எந்தப் பட்டத்து நெல்லுங்க?”

கடைக்காரர் மூட்டையைத் திருப்பி, அச்சடித்திருந்த பேக்கிங் தேதியைக் காட்டினார்.