சுத்தியல் மாற்றினால் குரல் மாறுமா?

பியானோ என்றதும் எல்லோருக்கும் கறுப்பு வெள்ளைக் கட்டைகள்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் ஒலி எழுப்புவது அவை அல்ல. மூடியைத் திறந்தால் உள்ளே வரிசையாக 88 சுத்தியல்கள் இருக்கும். சின்ன மரத்துண்டின் மேல் கம்பளி ஃபெல்ட்டை இறுக்கிச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். கட்டையை அழுத்தினால் அது எகிறிப்போய்க் கம்பியில் மோதி, உடனே திரும்பி விழும். பியானோவின் குரலில் பெரும்பங்கு அந்தக் கம்பளியில்தான் இருக்கிறது.

1700 வாக்கில் இத்தாலியின் ஃப்ளோரன்ஸில் பியானோவை உருவாக்கிய கிறிஸ்டோஃபோரி, சுத்தியலுக்குத் தோல்தான் போர்த்தினார். ஃபெல்ட் சுத்தியலுக்குப் பாரிஸில் பாப் என்பவர் காப்புரிமை வாங்கியது 1826இல்.

எஃகுக் கம்பியில் லட்சக்கணக்கான முறை மோதினால் கம்பளி என்ன ஆகும்? நுனியில் கம்பிகளின் தடம் பள்ளமாகப் பதியும், கம்பளி இறுகும். ஒலி தகரத்தைத் தட்டுவது போல ஆகிவிடும். முதலில் உப்புத்தாளால் தேய்த்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டு வருவார்கள். ஆனால் இதைச் சில தடவைதான் செய்ய முடியும். உச்ச ஸ்வரங்களில் ஃபெல்ட் மிக மெல்லியது, சீக்கிரமே மரம் தெரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் மாற்றுவதைத் தவிர வழியில்லை.

மாற்றுவது என்றால் கழற்றி ஒட்டுவதுதானே என்று நினைக்காதீர்கள். சுத்தியல் கம்பியின் எந்த இடத்தில் அடிக்கிறது என்பது முக்கியம். உச்ச ஸ்வரங்களில் ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே ஒலி செத்துவிடும். அதனால் பழைய சுத்தியல்கள் சிலவற்றை அளவுக்காக அப்படியே விட்டுவைத்து, அவற்றைப் பார்த்து மற்றதை ஒட்டுவார்கள். எடை அடுத்த தலைவலி. சுத்தியலில் ஒரு கிராம் கூடினால் விரலுக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் கூடும். நூறு வருடப் பியானோவில் இருந்த லேசான சுத்தியல்களுக்குப் பதில் இன்றைய கனமான சுத்தியல்களைப் போட்டால், வாசிப்பவர் கை வலித்தே எழுந்துபோவார்.

இதற்கெல்லாம் பிறகுதான் வாய்சிங், அதாவது குரலைப் பதப்படுத்துவது. அதற்கு முன் ஸ்ருதி சரியாக இருக்க வேண்டும். ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பி என்றால் மூன்றையும் சுத்தியல் ஒரே நேரத்தில் தொட வேண்டும். இல்லாவிட்டால் கம்பியின் குறைக்குக் கம்பளியைத் தண்டித்ததாகிவிடும். ஒலி கூர்மையாக இருந்தால், பிடியில் பொருத்திய ஊசிகளால் சுத்தியலின் தோள்பட்டையில் குத்தி இளக்குவார்கள். மந்தமாக இருந்தால், லாக்கரை நீர்க்கக் கரைத்து ஊற்றி இறுக்குவார்கள். ஹாம்பர்க் ஸ்டெயின்வேயில் ஊசி வழி, நியூயார்க் ஸ்டெயின்வேயில் லாக்கர் வழி என்பது பழைய வழக்கம்.

குழம்பில் உப்பு போடுவது போலத்தான் இது. குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது. குத்திக் கிழித்த இழை மறுபடி ஒட்டாது. ஆகவே நல்ல தொழிலாளி ஒரு குத்து குத்திவிட்டுக் கட்டையைத் தட்டிக் கேட்பார், மறுபடி ஒரு குத்து. இப்படி 88 தடவை.

இந்த வேலையில் எவ்வளவு பணயம் இருக்கிறது என்பதற்கு க்ளென் கூல்டின் கதை போதும். சிடி 318 என்ற ஸ்டெயின்வேயை அவர் உயிராக நினைத்தார். அதைப் பார்த்துக்கொண்டவர் வெர்ன் எட்க்விஸ்ட், பிறவியிலேயே பார்வை மிகக் குறைந்தவர். காதையும் விரலையும் நம்பித்தான் வேலை செய்தார். 1971இல் பயணத்தில் அந்தப் பியானோ கீழே விழுந்து, இரும்புச் சட்டம் விரிசல் விட்டது. பழுது பார்த்தார்கள். ஆனால் கூல்டுக்குப் பழைய பியானோ திரும்பக் கிடைக்கவில்லை. 1981இல் பாகின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை இரண்டாம் முறை பதிவு செய்தபோது அவர் வாசித்தது யமஹாவில்.

புதுச் சுத்தியல் போட்ட பியானோவைக் கேட்டு, "இது என் பியானோ இல்லையே" என்று முகம் வாடுகிறவர்கள் உண்டு. தேய்ந்த ஒலிக்கே காது பழகியிருக்கும். புதுக் கம்பளியும் வாசிக்க வாசிக்கத்தான் படியும். அந்த வாட்டத்தைப் பார்த்துப் பதறி மறுபடி ஊசியை எடுக்காமல், "கொஞ்ச நாள் வாசித்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வரும் பொறுமையும் இந்தத் தொழிலில் சேர்த்திதான்!