நம்பெருமாளைத் தேடி வந்த சுல்தான் மகள்

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் டவுன் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். 236 அடி உயர ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்களில் பலர், அர்ஜுன மண்டபத்தை ஒட்டியிருக்கும் சிறிய சந்நிதியைக் கவனிப்பதில்லை. அங்கே சிலை கிடையாது, சுவர் ஓவியம்தான். அதில் இருப்பவர் துலுக்க நாச்சியார்.

14-ம் நூற்றாண்டில் டெல்லிப் படைகள் ஸ்ரீரங்கத்தைச் சூறையாடின. ஊர் ஊராக அலைந்த உற்சவர் நம்பெருமாள், 1371-ல்தான் கோயில் திரும்பினார். இது வரலாறு.

டெல்லிக்குக் கொண்டுபோகப்பட்ட நம்பெருமாள்மீது சுல்தானின் மகள் உயிரையே வைத்தாள். அவரைத் திருப்பிக் கொடுத்ததும் பிரிவு தாங்காமல் பின்னாலேயே ஸ்ரீரங்கம் வந்து, பெருமாளோடு கலந்தாள். இது கோயில் சொல்லும் கதை.

இஸ்லாத்தில் உருவ வழிபாடு இல்லை, அதனால்தான் சிலை வைக்காமல் ஓவியமாகத் தீட்டினார்கள் என்பது பக்தர்கள் தரும் விளக்கம். அவர் பிறந்த வீட்டுப் பழக்கத்தையும் கோயில் மறக்கவில்லை. அவருக்காகக் கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் நைவேத்தியம். சில திருமஞ்சனங்களின்போது பெருமாளே கைலி கட்டிக்கொள்கிறார்.

படையெடுப்பின் வலியைச் சுமந்த ஊர்தான், படை அனுப்பிய வீட்டுப் பெண்ணையும் நாச்சியாராக வணங்குகிறது. அடுத்த முறை ஸ்ரீரங்கம் போனால், அந்த ஓவியத்தின் முன் ஒரு நிமிடம் நில்லுங்கள்.