கறுப்பு எம்

மேத்தமாட்டிகா என்ற கணித மென்பொருளில் ஓர் எழுத்துக்கு மதிப்புக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அதைத் துடைக்காமல் எழுந்து போவது என் பழைய வழக்கம். தெரியாமல் செய்வதில்லை. ‘கிளியர் போட மறக்காதீங்க’ என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

பைத்தானில் மதிப்பில்லாத பெயரை எழுதினால் அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும். 1988-இல் வெளிவந்த மேத்தமாட்டிகாவின் குணம் வேறு. அதில் எக்ஸ் என்றால் எக்ஸ்தான். மதிப்பு இல்லாவிட்டால் எழுத்தாகவே சமன்பாட்டுக்குள் நுழைந்து, வகையிட்டாலும் தொகையிட்டாலும் எழுத்தாகவே வெளியே வரும். இயற்பியல்காரனுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எப்போதோ எக்ஸுக்கு 5 என்று கொடுத்திருந்தால் அதன்பின் வரும் எக்ஸ் எல்லாம் 5. எக்ஸைப் பொறுத்து வகையிடச் சொன்னால், 5 ஒரு மாறியே அல்ல என்று திட்டும். திட்டினால் பிழைத்தோம். வெறும் பெருக்கல் வகுத்தலில் திட்டு வராது; அங்கே மோசமான எண் 1. அதால் பெருக்கினாலும் வகுத்தாலும் தடயம் மிஞ்சாது.

எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி ப்ராஜெக்டுக்காக ஆஸிலேட்டர் கணக்கு ஒன்றைக் கையால் போட்டுக் கொண்டுவந்தாள். எக்ஸின் நான்காம் அடுக்கை லாம்டாவால் பெருக்கிச் சிறு பெர்ட்டர்பேஷனாகச் சேர்த்தால், தரைநிலை ஆற்றல் முதல் படியில் எவ்வளவு மாறும் என்பது கேள்வி. நான் மேத்தமாட்டிகாவில் போட்டேன். மேலே 3 லாம்டா, ஹெச்-பார் வர்க்கம். கீழே 4 ஒமேகா வர்க்கம். அவள் தாளில் கீழே நிறையின், அதாவது எம்மின், வர்க்கமும் இருந்தது.

“இந்த எம் எங்கேருந்து வந்தது?”

“பரிமாணம் பார்த்தா எம் இல்லாம வராதே சார்.”

பதில் அதிலேயே இருந்தது. அரை நிமிடம் பரிமாணம் பார்த்திருக்கலாம். நான் திரையைக் காட்டி, மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அன்று காலை ஒரு வரைபடத்துக்காக எம்முக்கு 1 கொடுத்திருந்தேன். பிறகு அந்த நோட்புக்கை மூடிவிட்டுப் புதியது திறந்தேன். நோட்புக்தான் புதிது, பின்னால் ஓடிக் கணக்குப் போடும் கெர்னல் பழையதே. நாமாக மாற்றாத வரை எல்லா நோட்புக்குக்கும் ஒரே கெர்னல், ஒரே பெயர்ப்பட்டியல். எழுதிய வரியை அழித்தாலும் கொடுத்த மதிப்பு போகாது. அதைவிட வெட்கம், அது என் கண்ணெதிரிலேயே இருந்தது. மதிப்பில்லாத பெயர் திரையில் நீலமாகவும், மதிப்புள்ளது கறுப்பாகவும் தெரியும். லாம்டா நீலம், ஒமேகா நீலம், எம் மட்டும் கறுப்பு.

மாலையில் அது கண்ணில் பட்டது. கெர்னலை நிறுத்தி, மறுபடி ஓட்டினேன். எம் வர்க்கம் வந்து நின்றது.

இதுவரை நடந்தது சோம்பல். மறுநாள் செய்ததுதான் நான் சொல்ல வந்தது. “உன்னோடது சரிதாம்மா, நான் இயற்கை அலகுல போட்டிருந்தேன்” என்றேன். பொய்யைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. இயற்கை அலகில் முதலில் 1 ஆவது ஹெச்-பார். என் விடையிலோ அது அப்படியே இருந்தது. அவள் கொஞ்சம் யோசித்து, “அப்ப ஹெச்-பார் ஏன் சார் நிக்குது?” என்றாள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வகுப்பே கிடையாது.

எம்முக்கு மதிப்பே கொடுக்காமல், தேவையான இடத்தில் மட்டும் பதிலீட்டு விதி எழுதினால் போதும். அந்த ஒரு கோவைக்குள் மட்டும் எம் 1 ஆகும், வெளியே எம்மாகவே இருக்கும். கூடுதலாகச் சில விசைகள் தட்ட வேண்டும், அவ்வளவுதான். இப்போது பெரும்பாலும் அப்படித்தான் எழுதுகிறேன். அவசரமென்றால் விரல் பழையபடியே போகிறது.

அவளுடைய ப்ராஜெக்ட் அறிக்கையில் விடை எம் வர்க்கத்தோடு இருக்கிறது. நன்றியுரையில், கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுத்ததற்காக என் பெயரும் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.