தாழ்ந்து போன வீடு

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், அப்பா கட்டிய வீட்டைக் காப்பாற்றிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். அந்தக் காலத்தில் தார்ச்சாலை கிடையாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எங்கள் வீட்டை அப்பா 1964-ஆம் வருஷம் கட்டினார். தபால் இலாகாவில் சொற்பச் சம்பளம். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போயிற்று. கூட்டுறவு வங்கிக் கடனும் ஏறிற்று. தெருவிலிருந்து திண்ணைக்கு மூன்று படிகள், ஒவ்வொன்றும் எட்டு அங்குலம். காவி பூசி, வெள்ளிக்கிழமைதோறும் அம்மா கோலம் போட்ட படிகள். நான் பிறந்து நடக்கத் தொடங்கியபோதே அவற்றில் இரண்டுதான் மிச்சம். முதல் படி எங்கே என்று கேட்டதற்கு, "ரோடு முழுங்கிடுத்து" என்றாள் அம்மா. ஏதோ ராட்சசன் கதை போல அப்போது கேட்டுக்கொண்டேன்.

ராட்சசன்தான். சில வருஷங்களுக்கு ஒரு முறை ஜல்லி லாரி வரும், தார்க் கொப்பரை வரும், ரோலர் வரும். பழைய ரோட்டின் மேல் புது ரோடு. இரண்டு அங்குலமோ மூன்று அங்குலமோ போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குழாய்க்காகத் தோண்டி மூடினால் அங்கே கொஞ்சம் மேடு. அந்த மேட்டைச் சரிசெய்கிறேன் என்று தெரு முழுவதும் கொஞ்சம் மேடு. புது ரோடு வேண்டுமென்று மனுக் கொடுத்தவர்களில் அப்பாவும் ஒருவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் நான் அளந்து பார்த்தபோது, திண்ணை தெருவை விட ஒன்பது அங்குலம் தாழ்வாக இருந்தது. வீடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது இறங்கிப் போகிறோம், அவ்வளவுதான்.

2015 நவம்பர் மழையில் தெருத் தண்ணீர் முழுவதும் எங்கள் கூடத்துக்கு வந்தது. பாத்திரம் மிதந்ததைக்கூட மறந்துவிடலாம். அப்பாவின் மரப்பெட்டியில், அவர் எனக்கு எழுதிய கடிதங்கள் ஒரே கூழாகிப் போயின. அந்த வாரமே கொத்தனாரைக் கூப்பிட்டு, வாசலுக்கு வெளியே ஓர் அடி உயரத்துக்குக் கரை கட்டி, அம்மா ஏறி இறங்கத் தோதாகத் தெருப் பக்கம் சரிவும் போட்டேன். சரிவு தெருவுக்குள் ஒன்றரை அடி நீண்டது. அது தெரியாமல் நடந்ததல்ல, தெரிந்தேதான் செய்தேன்.

அடுத்து பாதாளச் சாக்கடை வந்தது. இந்தத் திட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. குழாய் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே டெபாசிட் வந்துவிடும். அதாவது நம்மிடமிருந்து அவர்களிடம் போய்விடும். நானும் கட்டினேன். பிறகு குழாய் பதித்து, வாசலோரம் சிறு தொட்டி ஒன்று கட்டி, மூடியும் போட்டார்கள். இணைப்புக் கொடுக்க வந்த பிளம்பர் நூல் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"சார், உங்க வீட்டுத் தண்ணி மேல ஏறணும்!"

சாக்கடைத் தண்ணீருக்குத் தெரிந்ததெல்லாம் இறங்கி ஓடுவதுதான். வீட்டுக் குழாயிலிருந்து வாசல் தொட்டிக்கு, அங்கிருந்து தெருக் குழாய்க்கு, அங்கிருந்து பம்பு நிலையத்துக்கு என்று படிப்படியாகச் சரிந்தால்தான் போகும். எங்கள் குளியலறைக் குழாயோ வாசல் தொட்டியின் வாயை விடக் கீழே கிடந்தது. இணைத்தால் எங்கள் தண்ணீர் வெளியே போகாது; ஊர்த் தண்ணீர் உள்ளே வரும். அதனால் பழைய செப்டிக் டாங்கையே வைத்துக்கொண்டோம். குளித்த தண்ணீர் 1964 முதல் போய்க்கொண்டிருந்த தெருவோரக் கால்வாயிலேயே போயிற்று. இணைப்பு இல்லாவிட்டாலும் மாதக் கட்டணச் சீட்டு மட்டும் தவறாமல் வந்தது. அது மேலிருந்து கீழே வருவதுதானே, தடை இல்லை.

2018-இல் ஒரே வாரத்தில் இரண்டு நோட்டீஸ்கள் வந்தன. கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் விடுகிறீர், உடனே இணைப்புப் பெறுக, பாக்கிக் கட்டணத்தையும் செலுத்துக என்று ஒன்று. தெருவை ஆக்கிரமித்துக் கட்டிய சரிவை ஏழு நாளில் அகற்றுக என்று இன்னொன்று.

பெட்டியைக் குடைந்தேன். அப்பா வாங்கிய வரைபட அனுமதி, நகராட்சி முத்திரையோடு, நீல அச்சில், வெள்ளத்துக்குத் தப்பி இருந்தது. குறுக்குவெட்டுப் படத்தில் தெரு மட்டம் என்று ஒரு கோடு. அதற்கு மேலே இரண்டடியில் திண்ணை மட்டம். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கம்பீரமாகக் கொண்டுபோய் உதவிப் பொறியாளர் மேஜைமேல் விரித்தேன். இளைஞர், மரியாதைக்காரர். படத்தை அக்கறையோடு பார்த்தார்.

"சார், இது அந்தக் காலத்துத் தெரு" என்றார்.

"வீடும் அந்தக் காலத்து வீடுதான்."

"அதான் சார் பிரச்சினை. கீழே ஒரு தொட்டி கட்டி மோட்டார் வெச்சுத் தள்ளிடுங்க. இல்லேன்னா இப்பல்லாம் ஜாக்கி வெச்சு வீட்டையே தூக்கறாங்களே?"

தூக்குகிறார்கள்தான். நானும் விசாரித்தேன். அந்தத் தொகைக்கு நான் இன்னும் நான்கு நாவல் எழுத வேண்டும். அவை விற்கவும் வேண்டும்.

தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டிக் கேட்டால் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்கு எத்தனை முறை ரோடு போடப்பட்டது, ஒவ்வொரு முறையும் மட்டம் எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டேன். இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. அப்படியொரு ஆவணம் அலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை என்று ஒரே வரி.

கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன் நான். ஆனாலும் 1920-ஆம் வருஷத்து மாவட்ட நகராட்சிகள் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 2023-இல் அதன் இடத்துக்கு வேறு சட்டம் வந்துவிட்டது. அன்றைக்கு அதுதான் வேதம். தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதை அகற்றச் சொல்ல அதிகாரம் உண்டு என்றது 182-ஆம் பிரிவு. நெடுங்காலம் இருந்துவந்ததையோ அனுமதியோடு கட்டியதையோ அகற்றினால் நஷ்டஈடு தரவேண்டும் என்றும் சொன்னது. என் சரிவுக்கு மூன்றே வயது, அனுமதியும் இல்லை. ரோட்டுக்கடியில் புதைந்த படிகளுக்குப் பரிகாரம் எதுவும் அந்தப் பிரிவில் இல்லை.

ஏழாம் நாள் நகரமைப்பு ஆய்வாளர் வந்தார். அளந்தார். பெயரைக் கேட்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"கதை எழுதறவரா? என் சம்சாரம் உங்க தொடரை ஒரு வாரம் விடமாட்டா, சார்!"

காப்பி சாப்பிட்டார். அடுத்த அத்தியாயத்தில் கதாநாயகி என்ன ஆவாள் என்று கேட்டார். சொன்னேன், வேறு யாருக்கும் சொன்னதில்லை. "நீங்க கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று எழுந்து போனார். நாற்பது வயதில் இலக்கியத்தால் கிடைத்த முதல் உருப்படியான பலன் என்று அன்று பூரித்துப்போனேன்.

மறுநாள் காலை ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். என் வாசலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அங்கே இட்லி வியாபாரம் செய்யும் அம்மாள் ஒருத்தி. புருஷன் இல்லை. என் கரையைப் பார்த்துத்தான் அவளும் செங்கல்லை அடுக்கிச் சிமெண்டு பூசிக்கொண்டாள். அது தெருவுக்குள் ஓர் அடிகூட வராது. கால் மணியில் உடைத்து வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நாலாம் நாள் ராத்திரி மழை. விடியற்காலையில் வாசலுக்குப் போனால், அவள் முறத்தாலும் வாளியாலும் தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தாள். ஊறவைத்த அரிசியெல்லாம் தெருச் சேற்றில். என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தண்ணி வரல்லியே, தம்பி?" என்றாள். குத்திக் காட்டியிருந்தால் தேவலை. நிஜமாகவே விசாரித்தாள்.

அம்மா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏன்டா, அவ கதை எழுதலேன்னா அவ வீட்டுக்குத் தண்ணி வரலாமா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. காப்பியும் இறங்கவில்லை.

மனு எழுத எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. கதை எழுதுகிறவனுக்கு மனு எழுத வராது. உபமானம் வந்து விழுந்துவிடுகிறது. இரண்டு வீட்டு வாசலையும் அளந்து, என் சரிவு ஒன்றரை அடி நீள்வதையும் என் கையாலேயே எழுதி, நீல வரைபடத்தின் நகலை இணைத்து, தெரு மட்டத்தைக் கருவி வைத்து அளக்க வேண்டும் என்று ஆணையருக்குக் கொடுத்தேன். அவளும் கையெழுத்திட்டாள். மூன்றாம் வகுப்புப் படிப்பு. பெயரை முழுதாக எழுதி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

ஆய்வாளர் என்னைத் தெருவில் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் செய்தது உதவி. நான் செய்தது துரோகம். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். அவர் சம்சாரம் தொடரைத் தொடர்ந்து படித்தாளா என்று எனக்குத் தெரியாது.

முக்காலியில் தூரதிருஷ்டிக் கண்ணாடி மாதிரி ஒன்றை வைத்து ஒரு நாள் பூராவும் அளந்தார்கள். வரிசையில் பதினோரு வீடுகள் தெருவுக்குக் கீழே இருந்தன. முடிவில் என் சரிவை உடைத்தார்கள். நானே கடப்பாரையை எடுத்துக் கொடுத்தேன். தெருவுக்குள் நீளாமல் வாசல் நிலையோடு ஆறு அங்குலக் கரை வைத்துக்கொள்ளலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். எழுத்தில் கேட்டதற்கு, "சார், எழுதிட்டா வம்பு" என்றார் உதவிப் பொறியாளர். இருவர் வாசலிலும் ஆறு அங்குலக் கரை வந்தது. சாக்கடைக்கு, எங்கள் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக என் கொல்லையில் தொட்டி கட்டி மோட்டார் போட்டேன். கரண்டு என் கணக்கு. மாதாமாதம் மூடியைத் திறந்து மேற்பார்வை பார்ப்பது அவள் பொறுப்பு. அந்தக் காரியத்துக்கு எனக்கு மூக்கு போதாது. பாக்கிக் கட்டண விவகாரம் மட்டும் அவர்கள் ஒரு கடிதமும் நான் ஒரு கடிதமுமாக இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

2021-இல் தலைமைச் செயலாளரிடமிருந்து எல்லா ஊருக்கும் ஓர் அறிவுறுத்தல் போயிற்று. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புது ரோடு போட வேண்டும், மட்டம் உயரக்கூடாது என்று. எங்கள் தெருவுக்கு அடுத்த வருஷம் முறை வந்தது. இயந்திரம் நடுத்தெருவைச் சுரண்டிற்று; வாசல் ஓரங்களில் ஆட்கள் கடப்பாரையால் கொத்தினார்கள். எங்கள் வாசலில் கொத்தியபோது கரிய தாருக்கடியில் ஒரு சிவப்பு விளிம்பு தெரிந்தது. அம்மா மெல்ல வந்து குனிந்து பார்த்தாள். "மேல்படிடா" என்றாள். விரலால் தாரைச் சுரண்டினாள், அது வரவில்லை.

இரண்டு நாள் அது அப்படியே வெளியில் தெரிந்தது. மூன்றாம் நாள் ரோலர் வந்தது.

"இந்தத் தடவை எவ்வளவு போடுவாங்க, தம்பி?" என்று இட்லிக்காரம்மா கேட்டாள்.

டேப்பை எடுத்துக்கொண்டு போனேன். ஒரு முனையை அவள் பிடித்தாள். சுரண்டியது மூன்று அங்குலம். போட்டது இரண்டே கால். தேதியோடு நோட்டில் எழுதினேன். அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கீழே கையெழுத்துப் போட்டாள்.