சுமையும் அமானிதமும்

பயணத்தில் உடன் கொண்டுசெல்லும் பொருளுக்குத் தமிழில் பெயர்கள் பல. துணியில் முடிந்தால் மூட்டை. மாட்டின் முதுகில் ஏற்றினால் பொதி. வணிகன் கட்டி அடுக்கினால் சிப்பம். தலையில் ஏறினால் சுமை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் பண்டப் பொதிகளின் மேல் சோழனின் புலி முத்திரை இடப்பட்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. ஆகவே சுங்கச் சோதனையும் தமிழர்க்குப் புதியதன்று. இப்பெயர்களோடு நம் சமுதாயம் மேலும் ஒரு சொல்லை வழங்கி வருகிறது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருள் ‘அமானிதம்’. அதன் எடையை எந்தத் தராசும் காட்டுவதில்லை. 2018 டிசம்பரில் மேற்கொண்ட மலேசியப் பயணத்தில் அவ்வெடையை நாம் தோளில் உணர்ந்தோம்.

பயணம் புறப்பட்டோர் நால்வர். வணிகவியல் பேராசிரியர் ஒருவர், அரபுத் துறையைச் சார்ந்த மௌலவி ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், தமிழ் கற்பிக்கும் நாம். செல்லும் இடம் பினாங்கு. அங்குள்ள தமிழ்ப்பள்ளி ஒன்றின் நூலகத்திற்காக இரண்டு பெட்டி நிறைய நூல்கள் சேர்த்திருந்தோம். நாங்கள் பினாங்கு போகும் செய்தி எப்படியோ ஊரில் பரவிற்று. அன்று முதல் வீட்டு வாசலில் பொட்டலங்கள் வந்து சேர்ந்த வண்ணம் இருந்தன. ஒருவர் கைலி தந்தார். ஒருவர் மாசித்தூள் தந்தார். மற்றொருவர் ஊறுகாய்ச் சாடி தந்தார்.

நாகூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து முதிய தாய் ஒருவர் பேருந்தேறி வந்திருந்தார். அவர் மகன் பினாங்கில் உணவகம் ஒன்றில் வேலை பார்க்கிறார். ஊருக்கு வந்து ஐந்தாண்டுகள் ஆகிவிட்டன. “தம்பி, இத எம்மவன் கையில சேத்துடுங்க வாப்பா. அல்லாஹ் உங்களுக்குக் கூலி கொடுப்பான்” என்று ஒரு துணிப்பொதியைத் தந்து சென்றார்.

வணிகவியல் பேராசிரியர் கணக்கில் கண்டிப்பானவர். எல்லாப் பொட்டலங்களையும் பிரித்துப் பார்த்தே எடுக்க வேண்டும் என்றார். அது சரியே. பிறர் தந்ததைத் திறந்து பாராமல் கடல் கடந்து கொண்டுசெல்வது பேராபத்து. போதைப்பொருள் கடத்துவோருக்கு மலேசியாவில் மரண தண்டனை பெரும்பாலும் கட்டாயமாக இருந்த காலம் அது. 2023இல் அக்கட்டாயம் நீக்கப்பட்டது. எனினும் அத்தண்டனை இன்றும் சட்டத்தில் உள்ளது. ஒரு பொட்டலத்தில் கசகசா இருந்தது. சிங்கப்பூரும் அமீரகமும் கசகசாவைத் தடை செய்துள்ளன. ஐயத்திற்குரியதை விட்டுவிடுவதே மேல் என்று அதைத் திருப்பிக் கொடுத்தோம்.

அம்முதிய தாயின் பொதியில் இரண்டு கைலிகளும் ஒரு தைலப் புட்டியும் இருந்தன. அவற்றின் அடியில், துவைத்து மடித்த பழைய குழந்தைச் சட்டை ஒன்று இருந்தது. “புதுச்சட்டை என்றாலும் பொருள் உண்டு. பழஞ்சட்டையைக் கடல் கடத்துவானேன்?” என்று பேராசிரியர் அதைத் தனியே எடுத்து வைத்தார். மௌலவி ஒன்றும் பேசாமல் அதை எடுத்து மீண்டும் பொதிக்குள் வைத்துக் கட்டினார்.

திருச்சி வானூர்தி நிலையத்தில் எங்கள் எட்டு உருப்படிகளும் தராசில் ஏறின. ஆளுக்கு முப்பது கிலோ என்பது எங்கள் பயணச்சீட்டின் வரம்பு. தராசோ மொத்தத்தில் பதினொரு கிலோவைக் கூடுதலாகக் காட்டியது. அங்கேயே தரையில் பெட்டிகளைத் திறந்தோம். தலைமையாசிரியர் தம் சட்டைகள் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்துகொண்டார். நம் உடுப்புகளிற் பாதி, வழியனுப்ப வந்த உறவினரோடு வீடு திரும்பிற்று. பிறர் தந்த பொருளில் ஒன்றும் குறையவில்லை.

நம் முன்னோர்க்கு இவ்வல்லல் இருந்ததில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ என்னும் கப்பல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என ஓடியது. தகரப்பெட்டி, பாய்ச்சுருள், ஊறுகாய்ப் பானை யாவும் அதன் வயிற்றுள் அடங்கின. பின்னர் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பற்றியதோடு அக்கடல்வழி மக்கட் போக்குவரத்தும் முடிவுற்றது. கப்பல் நின்றது, ஊரார் அன்பு நிற்கவில்லை. கப்பலின் வயிற்றுக்கு என அளந்த அன்பு இன்று முப்பது கிலோவுக்குள் அடங்க வேண்டியிருக்கிறது.

கோலாலம்பூரில் இறங்கியபோது எட்டு உருப்படிகளில் ஏழே வந்தன. சுழல்பட்டை நிற்கும்வரை காத்து நின்றோம். வாராத பெட்டி நீலநிறப் பெட்டி. அம்முதிய தாயின் பொதி அதனுள்தான் இருந்தது. நாங்கள் சென்ற வானூர்தி நிறுவனத்தாரிடம் முறையிட்டுப் படிவங்களை நிரப்பி முடிப்பதற்குள், முன்பதிவு செய்திருந்த தொடர்வண்டி பட்டர்வொர்த்தை நோக்கிப் புறப்பட்டுவிட்டது. பள்ளி விடுமுறைக் காலமாதலின் அடுத்த வண்டிகளிலும் இடமில்லை. இனிப் பேருந்துதான் என்றாயிற்று.

ஒரு வாடகைக் காரில் நால்வரும் ஏழு பெட்டிகளும் அடங்குவது எங்ஙனம்? இரண்டு கார்கள் பிடித்தோம். தலைமையாசிரியரும் புத்தகப் பெட்டிகளும் ஒன்றில். மற்றவர் மூவரும் எஞ்சிய பெட்டிகளும் மற்றொன்றில். பேருந்து நிலையமோ வானூர்தி நிலையம் போன்று பரந்தது. ஒரு கார் ஒரு வாயிலிலும் மற்றொன்று வேறு வாயிலிலும் நின்றன. முக்கால் மணி நேரம் தேடிய பின், தலைமையாசிரியர் புத்தகப் பெட்டியின்மேல் அமர்ந்து நாளிதழ் படித்துக்கொண்டிருக்கக் கண்டோம். “பிள்ளைகள் வந்து சேரும்வரை காத்திருந்து பழகியவனய்யா நான்” என்றார். அன்று முதன்முறையாகச் சிரித்தோம்.

ஏறத்தாழ 350 கிலோமீட்டர்ப் பயணம். இடையே நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில், தொழுகைக் கூடத்தில் மௌலவியின் பின்னே நின்று பயணத் தொழுகையைச் சுருக்கித் தொழுதோம். வெளியே வந்ததும் வணிகவியல் பேராசிரியர் சொன்னார்: “ஹஜ்ரத், பயணியின் களைப்பறிந்து நான்கு ரக்அத்தை இரண்டாக்கித் தந்தான் இறைவன். நாமோ ஊராரின் மூட்டையெல்லாம் சுமந்து வருகிறோம்.” மௌலவி அமைதியாக விடையளித்தார்: “சார், நம் சுமையைக் குறைத்துக்கொள்ளச் சலுகை உண்டு. பிறர் அமானிதத்தைக் குறைக்க யாருக்கும் சலுகை இல்லை.”

ஈப்போவைக் கடந்த பின் நள்ளிரவில் பேருந்து பழுதாகி நின்றது. மழை வேறு. மாற்றுப் பேருந்து வந்ததும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு சாலையோரமாக நடக்க வேண்டியிருந்தது. மலாய் இளைஞர் ஒருவர் கேளாமலே ஒரு புத்தகப் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். சீன மூதாட்டி ஒருவர் தம் குடையை மௌலவியின் தலைக்கு மேல் பிடித்தவாறு நடந்தார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. சுமையின் மொழி அனைவருக்கும் தெரிந்திருந்தது.

விடியற்காலையில் பட்டர்வொர்த்தில் படகுத்துறை சேர்ந்தோம். தீவுக்கு 1985 முதல் பாலம் உண்டு. எனினும் முன்னோர் கடல்வழி கண்ட கரையைக் கடல்வழியே காண விரும்பினோம். ஊர்திகளையும் ஏற்றிச்சென்ற பழைய பெரும்படகுகள் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. 2020இன் இறுதியோடு அவை ஓய்வு பெற்றன. துறையின் சரிவில் தள்ளுவண்டியின் சக்கரம் ஒன்று கழன்றது, பெட்டியின் கயிறு அறுந்தது, நூல்கள் சிதறின. அவற்றைப் பொறுக்குகையில் தலைமையாசிரியர், “இம்மண்ணில் 1816இலேயே தமிழ் வகுப்பு தொடங்கிவிட்டது. இரு நூற்றாண்டு கழித்து வருகிறோம், தமிழ் வரவேற்கிறது” என்றார்.

ஜார்ஜ் டவுனில் சூலியா வீதி தமிழ் முஸ்லிம்களின் பெயரையே தாங்கி நிற்கிறது. அவ்வீதியில் நாகூர் தர்காவின் நினைவாக எழுந்த தர்கா உண்டு. சற்றுத் தொலைவில் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். மலேசியா முழுதும் புகழ்பெற்ற ‘நாசி கண்டார்’ உணவின் பெயரைப் பற்றி அங்குக் கேட்டறிந்தோம். ‘நாசி’ சோறு, ‘கண்டார்’ தோளில் தாங்கும் காவடித்தண்டு. ஒரு முனையில் சோறும் மறுமுனையில் கறியுமாகத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்ற நம்மவரின் சுமையே அவ்வுணவுக்குப் பெயராயிற்று.

மூன்றாம் நாள் மாலை நீலப்பெட்டி விடுதிக்கு வந்து சேர்ந்தது. மறுநாள் நாங்கள் திரும்ப வேண்டும். கடை அடைத்த பின், இரவு பதினொரு மணியளவில் அவ்விளைஞர் வந்தார். கைலிகளையும் தைலத்தையும் ஒருபுறம் வைத்தார். சட்டையைக் கையில் எடுத்ததும் அவர் பேச்சு நின்றது. மனைவி கருவுற்றிருந்தபோது கடல் கடந்தவர் அவர். மகளை நேரில் கண்டதில்லை. நாள்தோறும் திறன்பேசியில் அவள் முகத்தைக் காண்கிறார். “இது எந்த வயதுச் சட்டை சார்?” என்று கேட்டார். எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. சட்டையைத் தம் முழங்கையிலிருந்து விரல்வரை நீட்டி வைத்து அளந்து பார்த்தார். “இவ்வளவுதான் இருந்திருக்கிறாள்” என்றார். வணிகவியல் பேராசிரியர் எழுந்து சாளரத்தின் அருகே சென்று நின்றார்.

பணம் இன்று ஒரு நொடியில் கடல் கடக்கிறது. குரலும் படமும் அவ்வாறே. ஆயினும் ஒரு குழந்தையின் அளவை ஒரு தந்தையின் கைக்குக் கொண்டுசேர்க்க, அச்சட்டையை யாரேனும் ஒருவர் சுமந்தாக வேண்டும். இந்நிறுவனத்தில் பயிலும் மாணவர் பலரின் தந்தையரும் தமையன்மாரும் வெளிநாடுகளில் உழைக்கின்றனர். நாளை நீங்களும் பயணம் புறப்படுவீர்கள். பிறர் தருவதைத் திறந்து பாருங்கள். சட்டம் விலக்கியதைத் தயங்காமல் மறுத்துவிடுங்கள். ஏற்றுக்கொண்ட பின்னர் அதன் விலையை எண்ணாதீர்கள். இடம் போதாவிடில் முதலில் உங்கள் சட்டையை எடுத்து வெளியே வையுங்கள்.