பழைய பேப்பர்

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் அப்பா டீக்கடையில் பேப்பர் படித்துவிட்டுத்தான் தறிக்குழியில் இறங்குவார். அம்மாவுக்கு வாய்த்தது அலமாரியில் விரிக்க எடைக்கு வாங்கிவரும் பழைய பேப்பர். அஞ்சாவதோடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். ராட்டையில் தார் சுற்றி ஓய்ந்த நேரத்தில் அதை எழுத்துக்கூட்டிப் படிப்பார். ஆறு மாதத்துக்கு முந்தைய செய்தியும் அவருக்குப் புதிது.

கல்லூரியில் இதழியல் வரலாறு பாடமாக வந்தபோது, பரீட்சைக்கு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். 1878-ல் சென்னையில் ஆறு இளைஞர்கள் ஒரு ரூபாய் பன்னிரண்டு அணா கடன் வாங்கி 80 பிரதிகள் அச்சிட்டு ‘தி இந்து’வைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர், ஆங்கிலம் அறியாதவர்களுக்காக 1882-ல் ‘சுதேசமித்திர’னை வார இதழாகத் தொடங்கினார். 1899-ல் அது நாளேடானது. 1904-ல் பாரதி அங்கே உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1889-ல் ஐயர் தன் விதவை மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார்; சாதியார் அவரை ஒதுக்கிவைத்தார்கள்.

ராட்டை நின்றது. “அந்தப் பொண்ணு பேர் என்னாடி?”

என் பாடக்குறிப்பில் கடன் தொகை இருந்தது, பிரதிகளின் எண்ணிக்கை இருந்தது. அவள் பெயர் இல்லை. ஐயரின் துணிச்சல் சிறிதல்ல. ஆனால் ஊர் ஒதுக்கிய அந்த வாழ்க்கையை வாழ்ந்தவள் அவளும்தானே? என் குறிப்பில் அவள் ‘மகள்’ மட்டும்தான்.

அப்பா இறந்த பிறகு உதவித்தொகை கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனோம். நெசவாளர் அட்டை அப்பா பெயரில் இருந்தது. “இவங்க நெசவாளர் இல்லையே” என்றார்கள். தார் இல்லாமல் நாடா ஓடாது. கோர்வைச் சேலைக்குக் கரை போட எதிர்ப்பக்கம் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளும் அம்மாதான். முப்பது வருட உழைப்புக்கு ஒரு காகிதத்திலும் சாட்சி இல்லை.

மனு எழுதியவர் தொழில் என்ற இடத்தில் ‘வீட்டு வேலை’ என்று எழுதப்போனார். “நெசவுன்னு எழுதுங்க” என்றார் அம்மா. கீழே, நேரம் எடுத்து, தன் முழுப்பெயரையும் எழுதினார்.

மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போது நான் கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன். 1889-க்கு வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அம்மா கேட்ட கேள்வியை மாணவிகளிடம் கேட்கிறேன்.